நூலில் இருந்த மூன்றாவது முடிச்சு

ஹட்டன் பஸாரில், சுந்தரலிங்கம் புத்தகசாலையின் பின்னறையில், அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் யாருமே உட்காராத ஓர் இடம்தான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கடை முதலாளியின் மகன் வினோஜன் மேசைக்குப் பின்னால் இருந்தான். அவன் மனைவி சர்மிளா மாடிக்குப் போகும் படிக்கட்டின் கடைசிப் படியில். துப்பறியும் இந்திராதேவி, பிரிக்காத பள்ளிக் கொப்பிக் கட்டுகளின் மேல். அவளுடைய உதவியாளன் விஜிதரன் உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, வெளியே நிறுத்திய தன் ஆட்டோவை ஒரு கண்ணால் காவல் காத்தான்.

மெத்தை போட்ட மர நாற்காலி காலியாக இருந்தது. அது சுந்தரலிங்கத்தின் நாற்காலி. அதன் எதிரே சுவரில் அவருடைய மனைவி யோகாம்பாளின் படம், காய்ந்த மாலையோடு. அந்த அம்மாள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

"அப்பா நேத்து மத்தியானம் நுவரெலியாவுக்கு மொத்த வியாபாரியப் பாக்கப் போறேன்னு கெளம்பினாரு," என்றான் வினோஜன். "வியாபாரிக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். அங்க போகவே இல்லயாம். வீட்டுக்கும் வரல."

"பொலிஸுக்குச் சொன்னீங்களா?" என்றாள் இந்திராதேவி.

"சொன்னா பஸார் பூரா கதையாயிருங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

சர்மிளாவின் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அதை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "மாமா ஹார்ட் மாத்திரைய வச்சிட்டுப் போயிட்டாரு, மேடம். ராத்திரியும் போடல, இன்னைக்குக் காலையிலயும் போடல. மாமி எறந்த பெறகு ஒரு தடவ அட்டாக் வந்த ஆளு. வேளை தவறினா ஆபத்துன்னு டொக்டர் கண்டிச்சு சொல்லியிருக்காரு."

விஜிதரன் வந்து அந்த அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஆளக் கண்டதும் மொத வேல இதுதான். மத்த கேள்வியெல்லாம் அப்பறம், என்னக்கா?"

இந்திராதேவி தலையாட்டினாள். வினோஜன் ஒரு கைபேசியை மேசை மேல் நகர்த்தினான். "போனையும் விட்டுட்டுப் போயிட்டாரு. கடைசியா இதத்தான் தேடியிருக்காரு."

திரையில் ஒரு தேடல் பக்கம். தோஹா விமான நிலையத்துக்கும் ஒக்லாந்து விமான நிலையத்துக்கும் இடையே பறக்கும் தூரம். பதில்: ஏறத்தாழப் பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர்.

"இந்த ரெண்டு ஊர்ல உங்களுக்கு யாரு இருக்காங்க?"

சர்மிளாதான் சொன்னாள். "தோஹாவுல தக்ஷிகா. இவங்க தங்கச்சி. நர்ஸா இருக்கா. நியூசிலாந்துல நமக்கு யாரும் இல்ல."

"அவ பேர இந்த வீட்டுல எடுக்கறதில்ல," என்றான் வினோஜன். "பூண்டுலோயா தேயிலத் தோட்டத்து லயத்துப் பையன் ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போனவ. அப்பாவே தல முழுகியாச்சு."

"நானும் லயத்துப் பையன்தாங்க," என்றான் விஜிதரன் வாசலிலிருந்து. "ஆட்டோ வாடகை மட்டும் பஸார் ரேட்டு."

"அம்மா எறந்தது தக்ஷிகாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் இந்திராதேவி.

"தெரியாம? அப்பாதான் தகவல் அனுப்பிட்டேன்னு சொன்னாரு. வரல. ஒரு கோல்கூட இல்ல. பெத்த தாய் சாவுக்கே வராதவளப் பத்தி என்னங்க பேச்சு? இங்க பாருங்க, நான் கண்டுபிடிச்சத."

சுவரில் விற்பனைக்குத் தொங்கிய உலகப் படத்தின் மேல் வினோஜன் ஓர் அடிமட்டத்தை வைத்தான். ஒரு முனை தோஹாவில், மறுமுனை ஒக்லாந்தை எட்டாமல் நின்றது. இரண்டாவது அடிமட்டத்தைச் சேர்த்து ஒக்லாந்தைத் தொட்டான். கோடு தமிழ்நாட்டின் நடுவே போனது.

"திருச்சிப் பக்கம்! எங்க பூர்வீகம் லால்குடி. அப்பா ஊருக்குப் போயிட்டாரு. தோஹாவுல இருந்து அவளும் அங்க வரப்போறா. கடைய அவ பேருக்கு எழுதப் போறாரு. கட்டுநாயக்காவுல சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், அவன ஏர்போர்ட்டுக்கு அனுப்பட்டுமா?"

"பாஸ்போர்ட் எங்க?"

சர்மிளா மேசை இழுப்பறையைத் திறந்தாள். கடவுச்சீட்டு அங்கேயே கிடந்தது.

"பாஸ்போர்ட் இல்லாம திருச்சிக்குன்னா நீந்தித்தான் போகணும்," என்றான் விஜிதரன். "அதுவும் ஹார்ட்ட வச்சிக்கிட்டு."

இந்திராதேவி சிரிக்கவில்லை. "பயணம் போற ஆளு டிக்கட் வெல கேப்பாரு, எங்க மாறி ஏறணும்னு கேப்பாரு, எத்தன கிலோ கொண்டு போகலாம்னு கேப்பாரு. இவரு தூரத்த மட்டும் கேட்டிருக்காரு. போகாம நிக்கிறவருக்குத்தான் தூரம் வேணும். போறது அவரு இல்ல. அவ."

சொல்லிக்கொண்டே எழுந்து போய், அதுவரை யாரும் உட்காராத அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்மிளா திடுக்கிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எது எட்டும் என்று இந்திராதேவி பார்த்தாள். யோகாம்பாளின் படம் எட்டியது. அதன் கீழ்த் தட்டில் அந்த அம்மாளின் மூக்குக் கண்ணாடி, திருநீற்றுக் கிண்ணம், வெற்றிலைப் பெட்டி. படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை வயர் எட்டிப் பார்த்தது. இழுத்தாள். கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் வயர். மறுமுனை சுவரில் செருகியபடியே இருந்தது.

"யாரோட போன் இங்க இருந்துச்சு?"

"மாமியோடது," என்றாள் சர்மிளா. "அவங்க பாவிச்ச சாமானெல்லாம் படத்துக்கு முன்னால வச்சோம். போனையும் வச்சோம். அதக் காணோமே!"

"செத்தவங்க போனுக்கு எட்டு மாசமா யாரு சார்ஜ் போடுறா?"

இந்திராதேவி எண்ணைக் கேட்டு வாங்கித் தன் கைபேசியில் அழுத்தினாள்.

"அந்த நம்பர் எப்பவோ செத்திருக்குமே," என்றான் வினோஜன்.

மணி அடித்தது. நான்கு முறை அடித்து, யாரோ துண்டித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இந்திராதேவியின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. படித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் விஜிதரனிடம் நீட்டினாள்.

*இப்ப பேச ஏலாது. அப்பா வீட்டில இருக்காரு.*

விஜிதரன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகுதான் மெதுவாகச் சொன்னான்: "செத்தவங்க போனுக்குக் காசு ரீலோட் போட்டு உடனே பதில் அனுப்புறாங்க. எனக்கு உசுரோட இருக்கவங்களே அனுப்புறதில்ல."

"என்ன வந்திருக்கு?" என்றான் வினோஜன்.

"உங்க அப்பா உசுரோட இருக்காருன்னு வந்திருக்கு," என்று சொல்லி இந்திராதேவி கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாற்காலிக்கு அடியில் குனிந்தபோதுதான் நூல் கிடைத்தது. புத்தகக் கட்டுகளைக் கட்டும் வெள்ளை நூல், ஒரு முழம்கூட இல்லை. அதில் மூன்று முடிச்சுகள். இரு முனைகளிலும் ஒவ்வொன்று. மூன்றாவது நடுவில் இல்லை, ஒரு முனைக்குக் கிட்டத்தில் இருந்தது. வினோஜன் வாங்கி உலகப் படத்தில் வைத்துப் பார்த்தான். நூல் போதவில்லை; தோஹாவிலிருந்து புறப்பட்டுக் கடலில் நின்றுவிட்டது.

"இந்தப் படத்துக்கு அளந்த நூல் இல்ல இது," என்றாள் இந்திராதேவி. அவள் பார்வை மேல் தட்டுக்குப் போனது. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு விற்கும் பூகோள உருண்டைகள் நான்கு. மூன்றின் மேல் தூசி. ஒன்று பளபளவென்று துடைத்திருந்தது.

"விஜி, அந்தச் சுத்தமான உலகத்த எறக்கு."

முதல் முடிச்சைத் தோஹாவில் வைத்து விரலால் அழுத்தினாள். கடைசி முடிச்சு அச்சொட்டாக ஒக்லாந்தில் விழுந்தது. நூலை இறுக்கி இழுத்ததும் அது தானாக வழி பிடித்தது. திருச்சிப் பக்கம் போகவில்லை. தட்டைப் படத்தில் நேராகத் தெரிந்த கோடு, உருண்டையில் வேறு பாதையாகி, கீழே இறங்கி, ஒரு சின்னத் தீவின் நடுவே ஓடியது. மூன்றாவது முடிச்சு அந்தத் தீவை முழுசாக மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

"அட," என்றான் விஜிதரன். "நம்ம தலைக்கு மேலயா போகுது?"

"மலநாட்டுக்கு மேல. நூல ரெண்டா மடிச்சு, மறுபடி ரெண்டா மடி."

மடித்தான். மடிப்பு விழுந்த இடத்தில் முடிச்சு இருந்தது.

"மொத்தத்துல கால்வாசித் தூரம்," என்றாள் இந்திராதேவி. "தூரம் தெரிஞ்சா, பிளேன் நம்ம மேல எத்தன மணிக்கு வரும்னு கணக்குப் போட்டுடலாம். அதுக்குத்தான் தேடியிருக்காரு. தக்ஷிகா தோஹாவ விட்டுட்டு ஒக்லாந்துக்குக் குடி போறா. இங்க எறங்க மாட்டா. எறங்கினா யாரு வாசல்ல நிப்பா? ஆனா இந்த மலைக்கு மேல பறந்துதான் போகணும். உங்க அப்பா அதப் பாக்கப் போயிருக்காரு."

வினோஜன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "மலநாடு அம்மாம் பெருசு. எங்கன்னு தேடுவீங்க?"

"தன்னோட போன வச்சிட்டு, சம்சாரத்தோட போன எடுத்துட்டுப் போன மனுசன் தனியாப் போகல, தம்பி. அவங்களையும் கூட்டிட்டுப் போயிருக்காரு. உங்க அம்மாவுக்குச் சொந்த ஊரு எது?"

"வலப்பனை," என்றாள் சர்மிளா.

இந்திராதேவி மறுபடி உருண்டைக்குக் குனிந்தாள். அந்த அளவில் வலப்பனை ஓர் ஊசி முனைகூட இல்லை. ஆனால் நூல் போன வழிக்கு அது விலகியும் இல்லை.

ஆட்டோ தலவாக்கலையைத் தாண்டும்போது மூடுபனி முன்கண்ணாடியில் ஒட்டியது. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் மலையேறிக்கொண்டிருந்தார்கள். நுவரெலியாவில் விஜிதரன் இரண்டு பணிஸ் வாங்கி ஒன்றைப் பின்னால் நீட்டினான்.

"சாப்பிட்டீங்களாக்கா காலையில?"

இந்திராதேவி வாங்கிக்கொண்டாள். அவள் தனியாக இருப்பவள். அந்தக் கேள்வி அவளுக்கு அடிக்கடி வருவதில்லை.

ராகலையிலிருந்து இறக்கம். வலப்பனை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது உச்சி வெயில் அடிக்க வேண்டிய நேரம். வானம் மட்டும் பால் சட்டிக்கு மூடி போட்டது போல இருந்தது. தேத்தண்ணீர்க் கடைக்காரரிடம் விஜிதரன் சிங்களத்தில் கேட்டான். கறுப்புக் குடையோடு வயதான தமிழ் மாத்தயா ஒருவர் நுவரெலியாவிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தாராம், இரண்டு பிளேன்டீ வாங்கினாராம், ஒன்றைத்தான் குடித்தாராம். ஊருக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் பாதையைக் கடைக்காரர் காட்டினார். ஏறியவர் இன்னும் இறங்கவில்லை என்றும் சொன்னார்.

விஜிதரன் முந்திக்கொண்டு ஏறினான். கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

சுந்தரலிங்கம் தாங்கியின் சீமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துவாயை மடிக்காமல், ஓர் ஆள் உட்காருமளவுக்கு விரித்திருந்தார். துவாயின் மேல் யோகாம்பாளின் கைபேசி.

"மொதலாளி, கதையெல்லாம் பெறகு. வாயத் தெறங்க," என்று மாத்திரையையும் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினான் விஜிதரன். அவர் ஒரு பிள்ளையைப் போல வாங்கி விழுங்கினார்.

"வினோஜன் அனுப்பினானா?"

"ஆமாங்க," என்றாள் இந்திராதேவி. துவாயில் உட்காராமல், அதற்கு அப்பால் உட்கார்ந்தாள். "பிளேன் போச்சா?"

"போயிருக்கும்." அவர் மேலே பார்த்தார். "விடிஞ்சதிலிருந்து இதே மேகந்தான். ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுவா, வேற எதுவான்னு யாருக்குத் தெரியும்? உருண்டையில எல்லாம் சரியா வந்துச்சும்மா. மேகத்த மட்டும் நான் கணக்குல எடுக்கல."

இந்திராதேவி தன் கைபேசியை எடுத்து அந்தக் குறுஞ்செய்தியைக் காட்டினாள். "காலையில கோல் எடுத்தது நான்தான். இந்தப் பதில் எனக்கு வந்துச்சு. 'அப்பா வீட்டில இருக்காரு.' இத எழுதினதே அந்த அப்பாதான்."

கிழவர் துவாயின் ஓரத்தை நேராக்கினார்.

"தக்ஷிகாவுக்கு அம்மா எறந்தது தெரியாது," என்றாள் இந்திராதேவி. "நீங்க தகவலே அனுப்பல. எட்டு மாசமா அம்மாவா இருந்து பதில் போட்டுக்கிட்டு இருக்கீங்க."

விஜிதரன் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றுகொண்டான்.

"அனுப்பத்தான் போன எடுத்தேன்," என்றார் சுந்தரலிங்கம் கடைசியில். "யோகாவக் கொண்டுபோய் வச்சிட்டு வந்த அன்னைக்கு. இவங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாமப் பேசிக்கிட்டு இருந்தாங்கன்னே அப்பத்தான் தெரியும். எடுத்த கையோட ஒண்ணு வந்துச்சு. 'அம்மா, சாப்பிட்டியா?'ன்னு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீடு நெறைய சனம். எல்லாரும் காரியத்தப் பத்திப் பேசுறாங்க. ஒருத்தரும் என்னையக் கேக்கல. அவ கேட்டதும் என்னைய இல்லதான். இருந்தாலும் 'சாப்பிட்டேன்'னு போட்டுட்டேன். மறுநாளும் கேட்டா."

"கோல் எடுத்தா?"

"எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் இந்த ஒரே பதில்தான். அவ ஒவ்வொரு தடவ ஒவ்வொரு நம்பர்ல இருந்து எடுப்பா. அம்மா எனக்குப் பயப்படுறான்னு நெனச்சு, வற்புறுத்த மாட்டா." அவர் துவாயிலிருந்த கைபேசியை எடுத்துத் திறந்து காட்டினார். முந்தாநாள் வந்தது: *அம்மா, அவரு ஒக்லாந்துல காத்துக்கிட்டு இருக்காரு, நான் தனியாத்தான் போறேன். பிளேன் உன் ஊருக்கு மேலதான் போகுமாம். வெளிய வந்து பாரு.* அதற்குக் கீழே, அன்று காலை வானத்திலிருந்து வந்தது: *கை காட்டினேன். பாத்தியாம்மா?*

அதற்குப் பதில் இல்லை.

"அதுக்கு என்ன எழுதறதுன்னுதான் ஒக்காந்திருக்கேன். 'பாத்தேன்'னு போட்டா அவளுக்குச் சந்தோசம். எட்டு மாசமாப் போட்டது மாதிரி இதையும் போட்டுறலாம்."

"போட்டுறலாம்," என்றாள் இந்திராதேவி. "ஆனா உங்க வீட்டுல அவளுக்கு என்ன பேருன்னு தெரியும்தானே? தாய் சாவுக்கே வராதவ. இன்னைக்குக் காலையில என் காதால கேட்டேன். நீங்க போடுற ஒவ்வொரு பொய்க்கும் அவ அங்க கெட்ட பேரு வாங்குறா."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டவும் மறந்து, வெறுங்கண்ணால் அவளைப் பார்த்தார். பிறகு விஜிதரனிடம் கை நீட்டினார். "தம்பி, உன் போன ஒருக்கா குடு."

வினோஜனிடம் அவர் பேசியது கொஞ்சம்தான். "நான்தாம்ப்பா. நல்லாருக்கேன். ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாத. தங்கச்சிக்கு நான் சொல்லவே இல்ல. அவ வராதது அவ குத்தம் இல்ல. என் குத்தம். இனிமே அந்த வீட்டுல யாரும் அதச் சொல்லக்கூடாது." மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவளுக்கும் இப்பவே கோல் போட்டுச் சொல்லிறலாங்களே?" என்றான் விஜிதரன்.

"வேணாம்," என்றாள் இந்திராதேவி. "இன்னும் எவ்வளவோ நேரம் அந்தப் பொண்ணு ஆகாயத்துல தனியா இருக்கணும். பக்கத்து சீட்டுல யாரோ எவரோ. எறங்கி, ஒரு கட்டில்ல படுத்து எந்திரிக்கட்டும்."

"இந்தப் போன்ல சொல்லவும் ஏலாது," என்றார் சுந்தரலிங்கம். "இதுல நான் எத எழுதினாலும் அது யோகா எழுதினதாத்தான் போகும். என் கையால எழுதணும். அவ எழுத்துப் படிச்ச நாளிலிருந்து அவ கொப்பிக்கெல்லாம் நான்தான் பேரு எழுதி ஒட்டுவேன். என் எழுத்து அவளுக்குத் தெரியும்."

கைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். அனுப்பும் முன் இந்திராதேவியிடம் காட்டினார்.

*பாக்கல. மேகம். அப்பா உனக்குக் கடிதம் எழுதுறாரு.*

"இதுல பொய் இருக்கா?"

"இல்லங்க."

அனுப்பினார். துவாயை உதறி மடித்து, தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வலப்பனைத் தபாலகத்தில் வேகத் தபால் உறை வாங்கினார்கள். "புத்தகசாலை மொதலாளி காசு குடுத்துத் தாளும் என்வலப்பும் வாங்குறத இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றான் விஜிதரன். கிழவர் லேசாகச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் குடையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுதினார். இந்திராதேவி படிக்கவில்லை, அது அவளுடைய வேலை இல்லை. முதல் வரி மட்டும் தவிர்க்க முடியாமல் கண்ணில் பட்டது: *அன்பு மகள் தக்ஷிகாவுக்கு, இது அப்பா.* அதற்குக் கீழே அவர் கை நெடுநேரம் நின்றது. பிறகு நிற்கவில்லை. இரண்டு பக்கம் நிரம்பியது.

தாளை மடித்து உறைக்குள் செருகும்போது யோகாம்பாளின் கைபேசி பெஞ்சில் ஒருமுறை அதிர்ந்தது. ஒரே ஒரு சொல் வந்திருந்தது.

*அப்பாவா?*

சுந்தரலிங்கம் அதைப் படித்தார். கைபேசியில் பதில் எழுதவில்லை. அதை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். உறைக்குள் போன தாளை மறுபடி வெளியே எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் எஞ்சியிருந்த சின்ன இடத்தில் ஒரு வரி சேர்த்தார். கொப்பியில் பெயர் எழுதுகிற மாதிரி, நிதானமாக, வட்ட வட்டமாக.

*நீ சாப்பிட்டாயா, மகள்?*

அம்மாவுக்கென்று மகள் முன்பே அனுப்பியிருந்த ஒக்லாந்து முகவரியை உறையில் எழுதி ஒட்டி, ஓரத்தை நகத்தால் இரண்டு தடவை அழுத்தினார். கம்பிக்குப் பின்னாலிருந்த பெண் முகவரியைப் பார்த்து, "நியூசிலாந்தா?" என்று சிங்களத்தில் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் முத்திரையைக் குத்தி, கடிதத்தைப் பின்னால் இருந்த பையில் போட்டாள்.